ஒரு ஆளுக்காகக் கேட்டவர்

இல்லை, சிறுநீரகம் தானாகப் போகவில்லை. வயதும் காரணம் இல்லை, அவருக்கு நாற்பத்தொன்பது. சர்க்கரை கிடையாது. வீட்டார் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள், நம்பியும் இருப்பீர்கள். நம்புவது எளிது. நானும் ஒரு நாள் முழுக்க நம்பிப் பார்த்தேன்.

செய்தி வந்தது ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்றரைக்கு. மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் இருந்தேன். எங்கள் ஆலோசகர் பின்னாலிருந்து வந்து காதருகில் சொன்னார்: “டீச்சர் போயிட்டாக.”

“எங்கே?” என்று கேட்டேன்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றவர் கையை நீட்டியபடி இருந்தார். டப்பாவைக் கொடுத்தேன். எப்போது சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். அடுத்தவர் வந்தார். அவருக்கும் சொன்னேன்.

இந்தச் செய்திமடலை வாசிக்கும் உங்களில் பலர் அவர் முன்னால் உட்கார்ந்து திட்டு வாங்கியவர்கள். புதிதாக வந்தவர்களுக்காக மட்டும் சொல்கிறேன். எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களுக்கு மருந்து கொடுக்கும் எங்கள் ஏ.ஆர்.டி. மையத்தில் அவர் களப்பணியாளர். அவரும் எச்.ஐ.வி.யோடு பத்தொன்பது வருடம் வாழ்ந்தவர். நான் அங்கே மருந்தாளுநர், ஜன்னலுக்கு உள்ளே ஆறு வருடம். அவர் படித்தது ஆறாம் வகுப்பு. டீச்சர் என்று முதலில் யார் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைக்காமல் யாரையும் எழுந்து போக விடமாட்டார், அதனால் இருக்கலாம்.

பெயரை எழுதவில்லை. அவர் மகளைக் கட்டிக்கொடுத்த கம்பத்து வீட்டில், அவருக்கு என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. அது தெரியக் கூடாது என்பதற்காகத்தான் செத்தார். இப்போது தெரிந்துவிட்டால் செத்தது வீணாகப் போகும்.

*

பழைய மாத்திரை ஒன்று இருந்தது. இப்போது கொடுப்பதில்லை. அது உயிரைக் காப்பாற்றியது, பதிலுக்கு முகத்துக் கொழுப்பை எடுத்துக்கொண்டது. டீச்சரின் இரண்டு கன்னங்களும் உள்ளே போயிருந்தன. ஒருமுறை சென்னையிலிருந்து பயிற்சி கொடுக்க ஒருவர் வந்தார். பக்கவிளைவுகள் என்று தலைப்பு. திரையில் ஒரு வெளிநாட்டு முகம், ஒட்டிய கன்னம், கண்ணின் மேல் கறுப்புப் பட்டை.

டீச்சர் எழுந்தார். “சார், அத அணைச்சுட்டு இங்கன பாருங்க. பட்டை இல்லாமலே நிக்கிறேன்.”

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“இது நோய் தின்ன கன்னம் இல்ல சார். மருந்து தின்னது. ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்ல ஆளு இல்லாமத்தான் எங்க ஊர்ல பாதிப் பேரு மாத்திரைய நிறுத்துனாக. நிறுத்துனவுக யாரும் இன்னைக்குக் கூட்டத்துக்கு வரல.”

பயிற்சியாளர் குறிப்பு எழுதிக்கொண்டார். சம்பந்தி வீட்டில், கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதால் கன்னம் ஒட்டிவிட்டது என்று டீச்சர் சொல்லிவைத்திருந்தார். இது எனக்கு மிகவும் பிறகுதான் தெரியவந்தது.

*

உத்தமபாளையத்திலிருந்து ஒரு தையல்காரர் வருவார். மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன் என்பார். ரத்தத்தில் கிருமி அளவு குறையவே இல்லை. நாங்கள் நம்பவில்லை. டாக்டர் கடிந்துகொண்டார், நான் அறிவுரை சொன்னேன், அவர் அழுதார். டீச்சர் மட்டும் வேறு விதமாகக் கேட்டார்.

“பாய், வீட்டுல உள்ள மருந்து மாத்திரை எல்லாத்தையும் ஒரு துணிப்பையில அள்ளிட்டு வாங்க. காலாவதியானது, புள்ளைக குடிக்கிற டானிக்கு, ஒங்க மச்சான் வாங்கியாந்த சூரணம், எதையும் விட்டுறாதீக.”

அடுத்த வாரம் பை வந்தது. தையல்காரர் அதை மேசையில் கவிழ்த்தார். அடியில் ஒரு அட்டை வலிப்பு மாத்திரை. சிறு வயதிலிருந்தே சாப்பிடுகிறாராம்.

“இத ஏன் எங்ககிட்டச் சொல்லல?”

“அது வேற டாக்டரு, இது வேற டாக்டருல்ல டீச்சர். அங்கன இதச் சொல்லல, இங்கன அதச் சொல்லல.”

“டாக்டருதான வேற வேற? வயிறு ஒண்ணுதான?”

அந்த வலிப்பு மாத்திரை எங்கள் மாத்திரையை உடம்பிலிருந்து சீக்கிரம் கழித்துவிடும். மாற்றிக் கொடுத்தார்கள். சில மாதங்களில் கிருமி அளவு இறங்கியது. மருந்தியல் படித்தவள் நான். எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு புதிதாக வரும் எல்லாரும் துணிப்பையோடு வரவேண்டும் என்பது எங்கள் மையத்தின் வழக்கமானது. டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் காட்டுவார். நெஞ்செரிச்சல் மருந்து, சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து எல்லாவற்றையும் தள்ளி வைப்பார், நேரம் விட்டுச் சாப்பிட வேண்டியவை என்று. “நம்ம மாத்திரை ஒண்டியா வேலை பாக்காது. உள்ள வர்ற எல்லாத்தோடயும் பேச்சு வச்சுக்கும். யாரு யாரு உள்ள இருக்காகன்னு நமக்குத் தெரியணும்” என்பார். என் பாடப்புத்தகத்தில் இதற்கு முப்பது பக்கம் உண்டு.

*

அவர் இனிமையானவர் என்று எழுத மாட்டேன். சின்னமனூரிலிருந்து வந்த ஒரு பெண், கேரள எல்லை தாண்டிப் போய் வாங்கிய லேகியத்தை நம்பி இரண்டு மாதம் மாத்திரையை நிறுத்தியிருந்தாள். வரிசைக்கு முன்னால் வைத்துத் திட்டினார். “லேகியத்த நக்கிட்டே சாகு. பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி குடு.” அந்தப் பெண் பிறகு வரவில்லை. டீச்சர் மூன்று முறை பஸ் ஏறிப் போய் அவள் வீட்டு வாசலில் நின்றுவிட்டு வந்தார். கதவு திறக்கவில்லை. “என் வாயி” என்றார் ஒருநாள்.

*

மையத்துக்கு வெளியே ஒரு சிமெண்ட் பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? முழுக்க லேபிள்கள். மாத்திரை டப்பாவை வாங்கியதும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நகத்தால் லேபிளை உரிப்பார்கள். உரித்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் அடியில் ஒட்டிவிட்டுப் போவார்கள். சிலர் மாத்திரைகளை வேறு டப்பாவுக்கு மாற்றிக்கொள்வார்கள். பேருந்தில் யாராவது பையைத் திறந்தால்? மாமியார் அலமாரியைத் துடைத்தால்?

டீச்சருக்கு இது பிடிக்காது. “லேபில உரிச்சா மத்தவுகளுக்குத் தெரியாது, சரி. நாளைக்கு நீ மயங்கிக் கெடந்தா தூக்கிட்டுப் போறவனுக்கும் தெரியாதுல்ல?”

அவர் பையிலும் ஒரு டப்பா இருந்தது. ஆரஞ்சு நிற மூடி, மேலே சத்து மாத்திரை என்று அச்சடித்த தாள். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டேன். “நீங்க மட்டும்?”

“எனக்கு மக இருக்காத்தா” என்றார்.

*

ஜன்னலில் யாரும் தனக்காகக் கேட்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் எனக்கு இது புரியவில்லை.

“ஒரு ஆளு கேக்குது மேடம், இந்த மாத்திரை சாப்பிட்டா தல சுத்துமான்னு.”

“தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு, மாசமா இருக்கு. சாப்பிடலாமான்னு கேக்கச் சொல்லுச்சு.”

“எங்க தெருவுல ஒருத்தரு. கறிசோறு ஆகுமா?”

நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வேன். அவரை நேரில் வரச் சொல்லுங்கள் என்பேன். டீச்சர் ஒருநாள் உள்ளே வந்து என் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

“ஏத்தா, படிச்ச புள்ள. அந்த ஒரு ஆளு கம்பத்துலயும் இல்ல, போடியிலயும் இல்ல. ஒனக்கு நேரா நிக்குது. மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

அன்றிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். ஒரு ஆள் என்று சொல்லும்போது கண் எங்கே போகிறது, கை எதைப் பிடித்திருக்கிறது. தலைசுற்றல் என்று கேட்டவர் ஜன்னல் கம்பியைப் பிடித்திருப்பார். கர்ப்பம் என்று கேட்டவள் வயிற்றைத் தொடுவதைத் தவிர்ப்பாள். பதிலை அந்த முகத்துக்குச் சொல்வேன், இலக்கணம் மட்டும் படர்க்கையில் இருக்கும். அவங்கள ராத்திரி படுக்கப் போறப்பச் சாப்பிடச் சொல்லுங்க. அவங்கள பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க.

ஒரே ஒருவருக்கு மட்டும் இந்த விதியைப் பயன்படுத்தவில்லை. டீச்சருக்கு. ஏனென்றால் அவர் ஊர் ஊராகப் போய்க் கேள்விகளைச் சேர்த்துக்கொண்டு வருபவர். அவர் ஒரு ஆள் என்றால் அது உண்மையிலேயே இன்னொரு ஆள். ஆறு வருடமாக அப்படித்தான் இருந்தது.

*

மகளுக்கு இரண்டாவது பிரசவம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள டீச்சர் கம்பம் போவதாக இருந்தது. போவதற்கு முன் மூன்று மாத மாத்திரை வாங்க வந்தார். கூட்டமான நாள். ஒரு பெட்டியின் தொகுதி எண் பதிவேட்டில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை, அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“ஒரு ஆளு கேக்குதுத்தா. மூட்டு வலிக்கு ஊசி போட்டுக்கிட்டா நம்ம மாத்திரைக்கு ஒண்ணும் செய்யாதுல்ல?”

“ஒண்ணு ரெண்டுன்னா ஒண்ணும் ஆகாது டீச்சர். யாரு?”

“கம்பத்துல ஒரு பொம்பள.”

“வரச் சொல்லுங்க, ரத்தம் பாத்துருவோம்.”

“வருவாக.”

டப்பாக்களை வாங்கிக்கொண்டார். உடனே போகவில்லை. ஜன்னல் திண்டில் கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்றார். அரை நிமிடம் இருக்கும். பின்னால் நின்றவர், “டீச்சர், நகருங்க, ஜீப்பு போயிரும்” என்றார். நகர்ந்தார். எனக்கு எண் கிடைத்துவிட்டது.

என் பதில் புத்தகப்படி சரி. ஒன்றிரண்டு ஊசியால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை.

*

கம்பத்திலிருந்து ஒருமுறை போன் செய்தார். சிரிப்பை அடக்க முடியாமல் பேசினார்.

“ஏத்தா, இங்கன ஒரு கூத்து. சம்பந்தியம்மாவுக்கும் மூட்டு வலி. என் டப்பாவப் பாத்துட்டு, ‘மதினி, தெனம் ஒண்ணு போடுறீகளே, எனக்கும் ஒண்ணு குடுங்க, மூட்டுக்கு நல்லதாமே’ங்கிறாக. டப்பாவ மடியில கட்டிக்கிட்டு அலையிறேன்.”

“என்ன சொன்னீங்க?”

“என் ஒடம்புக்குன்னு டாக்டர் அளந்து குடுத்தது, ஒங்களுக்கு ஒத்துக்காது மதினின்னேன். மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டாக. ஒரு மாத்திரைக்குக் கஞ்சத்தனம் பண்றேனாம்.”

நானும் சிரித்தேன். மூட்டு என்ற சொல் அந்தப் பேச்சில் வந்தது. எனக்கும் என்று அவர் சொல்லவில்லை. உங்களுக்குமா என்று நான் கேட்கவில்லை.

*

மகன் இல்லாததால் உடலைக் கம்பத்திலேயே எடுத்தார்கள். நாங்கள் பதினொரு பேர் போனோம். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒரே வரிசையாக உட்கார்ந்தோம். சம்பந்தியம்மா வந்தார். பருத்த உடம்பு, காலை இழுத்து இழுத்து நடந்தார். அழுது கண் வீங்கியிருந்தது.

“எங்கனருந்து வர்றீக?”

“தேனிப் பக்கம்மா.”

“மதினி கூட என்ன சோலி பாத்தீக?”

ஒரே நேரத்தில் மூன்று பதில் வந்தது. ஒருவர் மகளிர் குழு என்றார், ஒருவர் சத்துணவு என்றார். தையல்காரர், “நான் துணி தச்சுக் குடுப்பேன்” என்றார். சம்பந்தியம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து வரிசையின் கடைசியில் இருந்த பெண் “டீச்சர்” என்று உடைந்து அழுதாள்.

“டீச்சரா? எந்தப் பள்ளிக்கூடம்?”

“முதியோர் கல்விம்மா” என்றேன்.

“ஒரு வார்த்த சொல்லலையே எங்ககிட்ட” என்றார். பிறகு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “நல்லாத்தான் இருந்தாக. சத்து மாத்திரை கூட ஒரு நாளு தவற விட மாட்டாக. மூட்டு வலின்னு ரொம்பத் துடிச்சாக. நாந்தான் எலும்பு டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போனேன். பத்து நாளு, தெனம் ஊசி. நாந்தான் கையப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போவேன். அப்புறம் மாத்திரை எழுதுனாரு, காலையும் சாயங்காலமும், ஒரு மாசத்துக்கு மேல. வலி விட்டுச்சு. என்னையக் கட்டிப்பிடிச்சு அழுதாக, ‘மதினி, ஒங்களாலதான் நடக்குறேன்’னு. அப்புறந்தான் காலு வீங்குச்சு. ஒண்ணுக்குப் போகல. வாந்தி. மதுரைக்குக் கொண்டுபோயி நாலு நாளு.”

தையல்காரர் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. துணிப்பையை மேசையில் கவிழ்த்தவர் அவர்.

எங்கள் மாத்திரையில் மூன்று மருந்துகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், போகும் வழியைக் கொஞ்சம் தேய்க்கும். அதோடு வலி ஊசியும் வலி மாத்திரையும் நாள்கணக்கில் சேர்ந்தால் சிலருக்குச் சிறுநீரகம் தாங்காது. எல்லாருக்கும் இல்லை, சிலருக்கு. டீச்சரின் கடைசிப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சற்றுக் கூடியிருந்தது. அதே மாத்திரையில் உள்ள இன்னொரு மருந்து அந்த எண்ணை அப்படிக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும், அதற்குப் பயப்பட வேண்டாம் என்பது பாடம். நாங்கள் பயப்படவில்லை.

சம்பந்தியம்மா எனக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார். குடித்தேன். யார் மேல் கோபப்படுவது என்று பந்தல் முழுக்கத் தேடினேன். அன்பாக இருந்த ஒரு பெண்ணைத் தவிர அங்கே யாரும் கிடைக்கவில்லை.

*

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரத்தில் மகள் மையத்துக்கு வந்தாள். மதியம், கூட்டம் கலைந்த பிறகு. தோளில் கைப்பிள்ளை. மேசையில் ஆரஞ்சு மூடி டப்பாவை வைத்தாள். மிச்ச மாத்திரைகள் உள்ளே இருந்தன. அதன் பக்கத்தில் எலும்பு டாக்டரின் சீட்டை வைத்தாள்.

சீட்டை வாசித்தேன். ஊசியின் பெயர், மாத்திரையின் பெயர், எத்தனை நாள் என்பது. மேலே, தற்போது எடுத்துக்கொள்ளும் மருந்துகள் என்ற இடத்தில், வைட்டமின் என்று எழுதியிருந்தார்.

“டாக்டர் கேட்டிருக்காரு” என்றேன்.

“கேட்டாருக்கா. வேற மாத்திரை எதும் சாப்பிடுறீகளான்னு. நாங்க அஞ்சு பேரு உள்ள இருந்தோம். எங்க அத்தைதான் முந்திக்கிட்டுச் சொன்னாக, சத்து மாத்திரை ஒண்ணு, தெனம் தவறாம சாப்பிடுவாகன்னு. அம்மா என்னையப் பாத்தாக.”

“நீ?”

“பிள்ளைய இந்தத் தோள்லருந்து இந்தத் தோளுக்கு மாத்திப் போட்டேன்.”

இங்கே யாரையும் தனியாக டாக்டர் முன்னால் உட்கார விடுவதில்லை. உங்களுக்குத் தெரியும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் நான்கு பேர் உள்ளே போவோம். வெளியே நின்றால் பாசம் இல்லை என்று ஆகிவிடும். டாக்டர் கேட்பதற்கு நோயாளியைத் தவிர எல்லாரும் பதில் சொல்வோம்.

“அத்தைய வெளிய இருங்கன்னு சொல்ல முடியுமாக்கா? பாசமா வந்தவுகள?”

“முடியாது.”

“மதுரையில நர்சம்மாகிட்டக் காதுல சொன்னேன். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு.” பிள்ளை சிணுங்கியது, தட்டிக்கொடுத்தாள். “அன்னைக்கே நான் சொல்லியிருந்தா அம்மா இருந்திருப்பாகளா?”

தெரியாதும்மா என்று சொல்வதுதான் இந்த இடத்தில் வழக்கம். டீச்சர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

“இருந்திருக்கலாம்” என்றேன்.

அவள் அழவில்லை. பிறகு ஜன்னலில் நடந்ததைச் சொன்னேன். ஒரு ஆள், மூட்டு வலி, ஊசி, என் பதில், எல்லாவற்றையும்.

“ஒங்களக் கேட்டாகளா?”

“கேட்டாங்க.”

என்னைப் பார்த்தாள். தாயின் கண்கள் இல்லை, கன்னங்கள் நிறைந்த முகம்.

“அப்ப நாம ரெண்டு பேரு” என்றாள்.

டப்பாவை என்னிடம் விட்டுவிட்டாள். இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுதுங்க. படிக்கிறவுக டாக்டர்ட்டச் சொல்லட்டும். அம்மா பேரும் எங்க பேரும் மட்டும் வேண்டாம்” என்றாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். “எங்க அத்தைக்கு இப்ப மூட்டு வலி ரொம்ப. அதே டாக்டர்ட்டதான் போறாக. அவுகளுக்கு ஒண்ணும் ஆகல.”

*

மருந்தால் யாருக்காவது கெடுதல் நேர்ந்தால் அறிவிப்பதற்கு ஒரு படிவம் உண்டு. மருந்தாளுநரே அனுப்பலாம். நோயாளியின் பெயர் தேவையில்லை, முதலெழுத்துகள் போதும். எங்கள் மையத்தில் அதிகம் நிரப்பப்படாத தாள். நான் நிரப்பிக்கொண்டிருந்ததை எங்கள் டாக்டர் பார்த்தார். நல்ல மனிதர். டீச்சர் இறந்த நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்.

“அனுப்பும்மா. ரெண்டு மருந்துப் பேரையும் எழுது, நாள் கணக்க எழுது, கிரியாட்டினின் எழுது. நீ ஜன்னல்ல சொன்னத எதுக்கு எழுதுற? அது பொதுவாச் சொன்ன பதில். தப்பே இல்ல.”

“பதில் சரிதான் சார். யாருக்குச் சொல்றேன்னு பாக்கல.”

“அவங்களே வேற ஆளுன்னுதான சொன்னாங்க?”

“இங்க எல்லாரும் அப்படித்தான சார் சொல்றாங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுதினால் விசாரணை என்று ஏதாவது வரலாம் என்றார். வராமலும் போகலாம் என்றார். தாளை என் பக்கம் நகர்த்திவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

இந்த மடலில் அவரைப் பற்றி நல்லபடியாக நான்கு வரி எழுதித் தரச் சொன்னார்கள். அதற்கு இத்தனை பக்கம் ஆகிவிட்டது, நல்லபடியாகவும் இல்லை. துணிப்பை வழக்கத்தை மையம் எடுத்துக்கொண்டது. வயிறு ஒண்ணுதான என்பதைத் தையல்காரர் இப்போது வரிசையில் நிற்கும் மற்றவர்களிடம் சொல்கிறார். எனக்கென்று இருப்பது ஜன்னல் திண்டில் கையை ஊன்றி அவர் நின்ற அந்த அரை நிமிடம். நான் நிமிர்ந்து பார்ப்பேன் என்று அவர் காத்திருந்தார். அதற்கு மட்டும் எனக்கு ஆதாரம் இல்லை. அதை வைத்திருக்கிறேன்.

படிவத்தின் கடைசியில், கூடுதல் விவரம் என்ற இடத்தில் மூன்று கோடுகள் இருந்தன. இப்படி எழுதினேன்: நோயாளி இந்த ஊசியைப் பற்றி முன்கூட்டியே மருந்தாளுநரிடம் கேட்டார். யாருக்காகக் கேட்கிறார் என்பதை மருந்தாளுநர் உறுதிசெய்யவில்லை. அறிவிப்பவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டு, அன்று மாலையே அனுப்பினேன்.